ஊர் பார்த்துவிட்டு வரட்டும்

“படிக்கப் போனியா, ஊர் சுத்தப் போனியா?”

மயிலாப்பூர், தி. நகர், அடையாறு வீடுகளில் இந்தக் கேள்விக்கு ஆண்டில் இரண்டு பருவம் உண்டு. மே மாதத்தில், அமெரிக்காவில் எம்.எஸ். முடிக்கிற பிள்ளைகளைப் பார்த்துக் கேட்பார்கள். ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை, பிரிட்டனில் ஓராண்டு முதுகலை முடிக்கிறவர்களைப் பார்த்துக் கேட்பார்கள். பிள்ளை வாட்ஸப் ஸ்டேட்டஸில் ஒரு படம் போட்டிருப்பான். ஏதோ ஒரு கடற்கரை, பின்னால் வெள்ளைப் பாறை, கையில் காகிதப் பொட்டலத்தில் உருளைக்கிழங்கு வறுவல். அரை மணி நேரத்தில் அம்மாவின் அழைப்பு போய்விடும். “எங்கடா இருக்கே?” என்று ஆரம்பிக்கும். அப்பா பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பார். பேசினால் ‘லோன்’ என்ற ஒரு சொல்தான் வரும்.

லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடை முடித்து பெஞ்சில் உட்காருகிறவர்களிடம் இந்த வழக்கைக் கொண்டுபோனால் தீர்ப்பு ஒருமனதாக வரும். கடைசி வாரங்களில்தான் பொறுப்பு வேண்டும். ஆய்வேட்டைக் கொடு, வேலைக்கு விண்ணப்பம் போடு, அறையைக் காலி பண்ணி முன்பணத்தைத் திருப்பி வாங்கு, பெட்டியைக் கட்டு. ஊரெல்லாம் எங்கே ஓடிப்போகிறது, வேலை கிடைத்த பிறகு சொந்தக் காசில் நிம்மதியாகப் பார்த்துக்கொள்ளலாம். இதைச் சொல்கிறவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் கொடுத்துவிட்டு வந்தவர்கள். அடையாறு காந்தி நகரில் இருக்கிற ஒரே ஃப்ளாட்டை ஈடு வைத்தவருக்கு ஸ்டோன்ஹெஞ்ச் படத்தைப் பார்த்தால் வயிற்றைப் பிசையத்தான் செய்யும்.

இருந்தாலும் அவர்கள் சொல்வது தவறு. அவர்கள் மிகவும் நம்புகிற கணக்கிலேயே தவறு.

நாற்பது லட்ச ரூபாய் கடன், பத்தரை சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டு முதுகலைக்கு இது யாரும் அதிசயப்படுகிற தொகை இல்லை. ஆண்டுக்கு 4,20,000 ரூபாய் வட்டி; ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,150. பையன் நூலகத்தில் இருந்தாலும் இந்த வட்டி ஓடும், தூங்கினாலும் ஓடும். இனி அந்தக் கடற்கரைப் பயணத்துக்கு வருவோம். மாணவர்களுக்கான ரயில் சலுகை அட்டையில் மூன்றில் ஒரு பங்கு கட்டணம் குறையும். மத்தியானத்துக்கு அறையிலேயே கிளறி எடுத்துக்கொண்டு போன புளியோதரை. இருபத்தைந்து பவுண்டுக்குள் போய் ராத்திரி திரும்பிவிடலாம். நம் பணத்தில் சுமார் மூவாயிரம் ரூபாய். அந்தக் கடனின் இரண்டரை நாள் வட்டி. கடைசி ஒரு மாதத்தில் வாரத்துக்கு ஒரு முறை போனால் பன்னிரண்டாயிரம். அந்தக் கடனைப் பத்தாண்டில் அடைப்பதானால் மாதத் தவணை சுமார் 54,000. மொத்தம் கட்டப்போவது 65 லட்சத்தை ஒட்டி வரும். இந்த 65 லட்சத்துக்குள் பன்னிரண்டாயிரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்க ஆடிட்டர் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. நம் வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டமே படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை தொடங்க அவகாசம் தருகிறது. கடன் கொடுத்த வங்கி ஒரு வருஷம் பொறுக்கிறது. கையெழுத்துப் போட்ட அப்பாவுக்கு நாலு சனிக்கிழமை பொறுக்கவில்லை.

சரி, பணத்தில் உண்மையான கறார் இருந்தால் அதற்கு மரியாதை கொடுக்கலாம். அதுவும் இல்லையே! அதே கடைசி வாரங்களில் சென்னையிலிருந்து ஒரு பட்டியல் போகும். பெரியப்பாவுக்கு எலெக்ட்ரிக் ஷேவர். அத்தை பெண்ணுக்கு வாசனைத் திரவியம், “போன தடவை ரமேஷ் கொண்டுவந்தானே அந்த மாதிரி”. மாடி வீட்டுக்கு, வாட்ச்மேனுக்கு, அப்பாவின் ஆபீசுக்கு என்று மூன்று தரத்தில் சாக்லேட். மாமாவுக்கு மல்டிவிட்டமின். இதையெல்லாம் வாங்க ஒரு முழு நாள் கடை கடையாக அலைந்தால் அது பொறுப்பு. அதே நாளை டோவர் பாறைமேல் நடந்து கழித்தால் அது ஊதாரித்தனம். சாக்லேட்டுக்கு ஆகிற காசில் இரண்டு ஊர் பார்த்துவிடலாம் என்று எந்த அம்மாவும் கணக்குப் போட்டதாகக் கேள்விப்பட்டதில்லை.

போகும்போது நடந்ததையும் நினைத்துப் பார்க்க வேண்டும். உஸ்மான் சாலையிலும் ரங்கநாதன் தெருவிலும் பாண்டி பஜாரிலும் குக்கர், இட்லித் தட்டு, தெர்மல் உடை, மூன்று வருஷத்துக்குக் காணும் உள்ளாடை, கசியாமல் கட்டிய ஊறுகாய், இருபத்து மூன்று கிலோவுக்கு ஒரு பெட்டி என்று இரண்டு பெட்டி. அந்தக் குக்கர் அங்கேயே எந்த இந்தியக் கடையிலும் கிடைக்கும் என்பது வாங்குகிற எல்லாருக்கும் தெரியும். வழியனுப்புவதற்கென்று ஒரு ஹோட்டல் விருந்து வேறு; அதற்கு ஒரு புடவை. இந்தச் செலவுகளை நான் குறை சொல்லவில்லை. குடும்பங்கள் அன்பை இப்படித்தான் காட்டும். ஆனால் இவ்வளவையும் செய்தவர்கள் கடைசியில் ஒரு ரயில் டிக்கெட்டின் முன்னால் சிக்கனத்தின் திருவுருவமாக நிற்பது பொருந்தவில்லை.

பணம் போகட்டும், நேரத்துக்கு வருவோம். “அந்த நேரத்தில் வேலை தேடலாமே” என்பதுதான் பூங்கா பெஞ்சின் பெரிய அம்பு. அந்தக் கடைசி வாரங்கள் உண்மையில் எப்படி இருக்கும் என்று சொல்கிறவர்களுக்குத் தெரியாது, பாவம். அவை காத்திருப்பதற்காகவே உண்டாக்கப்பட்ட வாரங்கள். பிரிட்டனில் செப்டம்பரில் ஆய்வேட்டைக் கொடுத்தால் முடிவு வர இரண்டு மூன்று மாதம் ஆகும். மாணவர் படிப்பை முடித்துவிட்டார் என்று பல்கலைக்கழகம் உள்துறைக்குத் தெரிவித்த பிறகுதான் படிப்புக்குப் பிந்தைய பட்டதாரி விசாவுக்கு விண்ணப்பிக்கவே முடியும். ஓராண்டுப் படிப்பின் விசாவில் முடிவுத் தேதிக்குப் பிறகும் நான்கு மாதம் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில், வேலைக்கு எடுத்த கம்பெனி தயாராக இருந்தாலும் படிப்புக்குப் பிந்தைய வேலைக்கு அனுமதி தருகிற ஓ.பி.டி. அட்டை கைக்கு வந்து, அதில் போட்டிருக்கிற தேதி பிறக்காமல் ஒரு நாள்கூட வேலை பார்க்க முடியாது. அட்டை வர வாரங்கள் ஆகும், சமயத்தில் மாதங்கள் ஆகும். இந்த வாரங்களில் விண்ணப்பம் போடுவது என்பது காலையில் இரண்டு மணி நேர வேலை. மீதி நேரம் மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்ப்பது. அறைக்குள் உட்கார்ந்து பார்த்தாலும் பதில் அதே நேரத்துக்குத்தான் வரும். ரயிலில் உட்கார்ந்து பார்த்தாலும் அதே நேரத்துக்குத்தான் வரும்.

ஒரு எச்சரிக்கையை மட்டும் நானும் ஒப்புக்கொள்வேன். ஓ.பி.டி. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது அமெரிக்காவை விட்டு வெளியே போய்த் திரும்புவது சிக்கலை இழுத்துவிட்டுக்கொள்வது. ஆகவே நயாகராவின் கனடாக் கரையில் நின்றால்தான் அழகு என்று எவனாவது நண்பன் சொன்னால் கேட்க வேண்டாம். நான் பேசுவது காலையில் போய் ராத்திரி திரும்புகிற பயணத்தைப் பற்றி. அதற்கு பஸ்ஸும் தண்ணீர் பாட்டிலும் போதும்.

இந்தப் பிள்ளைகளின் நேரத்தைப் பற்றி வேறொரு கணக்கும் இருக்கிறது. அதை யாரும் போடுவதில்லை. ஒன்பதாம் வகுப்பு மார்கழியில் மயிலாப்பூரில் ஏதோ ஒரு மாடியில் டியூஷன் ஆரம்பித்தது. பிறகு நுழைவுத்தேர்வுப் பயிற்சி, ப்ளஸ் டூ, பொறியியலில் எட்டு செமஸ்டர், வளாக நேர்காணல், ஜி.ஆர்.இ., ஐ.இ.எல்.டி.எஸ்., விண்ணப்பக் கட்டுரைகள், கடன், ஜெமினி மேம்பாலத்தருகே தூதரக வாசலில் விசா வரிசை. பக்கத்தில் இருக்கிற எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்துக்குள் கால் வைக்காமலே வளர்ந்த அடையாறு பிள்ளைகள் எத்தனையோ பேர். மாமல்லபுரத்தை ஸ்கூல் பஸ்ஸில் போய் அரை நாளில் பார்த்ததோடு சரி. எப்போது கேட்டாலும் முன்னால் ஒரு பரீட்சை இருந்தது. ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வெளியே வருகிற அந்தச் சாயங்காலம்தான் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அடுத்த பரீட்சை என்று ஒன்று இல்லாத நேரம். அந்த நேரத்தையும் பிடுங்கிக்கொள்ள வேண்டும் என்றால், பிள்ளைக்கு எதற்காகத்தான் இவ்வளவும் செய்தோம் என்று பெற்றவர்களே ஒரு முறை யோசிக்கலாம்.

“அப்புறம் பார்த்துக்கலாம்.” இந்த வாதத்தில் இருக்கிற பெரிய பொய் இதுதான். யாரும் வேண்டுமென்று சொல்வதில்லை, அதனால்தான் நிலைத்திருக்கிறது.

அப்புறம் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரிந்த கதை. பையன் அங்கேயே வேலையில் சேருகிறான் என்று வைப்போம். ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து நாள் விடுப்பு. அது முழுவதும் சென்னைக்கு வந்துபோவதிலேயே கரையும். வராவிட்டால் அதற்கு வேறு போன் வரும். வந்தால் கல்யாணப் பேச்சு, விசா முத்திரைக் கவலை, பல் மருத்துவர். கல்யாணம் ஆகிக் குழந்தை பிறந்ததும் அம்மாவும் அப்பாவும் ஆறு மாதத்துக்கு வருவார்கள். வந்து பத்தாம் நாள் கேட்பார்கள்: “நயாகரா எங்கே இருக்கு? எப்போ அழைச்சுண்டு போறே?” போவார்கள். அடுத்த வருஷம் மாமனார் மாமியார் வருவார்கள், மறுபடி நயாகரா. சித்தி, சித்தப்பா, மறுபடி நயாகரா. அந்த அருவியை அமெரிக்கத் தமிழர்கள் பார்த்த அளவுக்கு அருவியே தன்னைப் பார்த்திருக்காது. ஆனால் அவன் ஒருவனாக, தன் இஷ்டத்துக்கு, யாருக்கும் வீல்சேர் தேடாமல், தயிர்சாதம் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்காமல் ஓர் ஊரில் இறங்கி நடக்க வாய்த்திருந்த காலம் அந்த நாலு வாரம்தான். அதை ‘வேண்டாம்’ என்றவர்களே பிறகு அவனை அருவிக்கு வண்டி ஓட்ட வைப்பதில் ஒரு நகைச்சுவை இருக்கிறது.

திரும்பி வந்துவிட்டால் இன்னும் கஷ்டம். மாணவனாக இருந்தபோது ஒரு ரயில் டிக்கெட்டில் முடிந்த பயணத்துக்கு இப்போது விசா கட்டணம், ஆறு மாத வங்கிக் கணக்கு, அலுவலகக் கடிதம், விமான டிக்கெட், ஹோட்டல் முன்பதிவு எல்லாம் வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு, 2022-23-ல், அமெரிக்கச் சுற்றுலா விசா நேர்காணல் தேதிக்காக ஓராண்டுக்கு மேல் காத்திருந்த வீடுகள் இந்தச் சென்னையிலேயே உண்டு. அந்த ஊரில் முகவரி, மாணவர் அட்டை, செல்லுபடியாகும் விசா, பழகிய பஸ் வழி, கேட்க ஆளில்லாத பொழுது எல்லாம் ஒன்றாகக் கையில் இருக்கிற காலம் திரும்ப வருவதில்லை.

பெண் பிள்ளைகளுக்கு இது இரண்டு மடங்கு உண்மை. அவர்களைத் தடுக்கும்போது பணமும் வேலையும் பேச்சுக்குத்தான், “தனியாவா போறே?” என்பதுதான் கேள்வி. ஒரு வருஷம் தனியாகக் குடியிருந்து, பனியில் மளிகை சுமந்து, ராத்திரி பதினோரு மணிக்கு நூலகத்திலிருந்து அறைக்குத் திரும்பிய பெண்ணிடம், பட்டப்பகலில் ரயிலேறிக் கடலைப் பார்த்துவிட்டு வருவது பற்றிக் கேட்கிற கேள்வி இது. சென்னையில் வந்து இறங்கிய மறுவாரம் ஜாதகம் வெளியே எடுக்கப்படும். அதன்பிறகு அவள் எங்கே போனாலும் கூட யாராவது வருவார்கள், அல்லது எங்கே போகலாம் என்பதை வேறு யாராவது முடிவு செய்வார்கள். யாரையும் கேட்காமல் ஒரு டிக்கெட் எடுத்த நாள் என்று பிற்காலத்தில் அவளுக்கு நினைத்துக்கொள்ள இருப்பது ஒருவேளை அந்தச் சில சனிக்கிழமைகளாகவே இருக்கும்.

இதுவரை பெற்றோர்களிடம் பேசினேன். கொஞ்சம் படித்தவர்களின் மறுப்பு ஒன்று இருக்கிறது. அது நாசூக்கானது, அதனால் அதிக ஆபத்தானது. “ஓடி ஓடி நாலு இடம் பார்த்துப் படம் எடுத்துப் போடுவதில் என்ன இருக்கிறது? அது டூரிஸ்ட் வேலை. ஓர் ஊரில் வாழ்ந்து படிப்பது வேறு, அதை வேடிக்கை பார்ப்பது வேறு. கடைசி வாரங்களில் இருந்த இடத்திலேயே ஆழமாக இருந்துவிட்டு வரவேண்டும்” என்பார்கள். சபா கேன்டீனில் அடையும் காபியும் முடித்துவிட்டுச் சொல்வதற்கு வசதியான கருத்து.

முதல் மாதம் போகிறவனைப் பற்றி இது சரியாக இருக்கலாம். அவனுக்கு எந்த வாயிலில் டிக்கெட்டைச் செருகுவது என்றே தெரியாது; குளிருக்கு என்ன போடுவது என்று தெரியாது; எதிரே இருப்பவர் பேசுகிற உச்சரிப்பு பாதி புரியாது. அவன் பார்ப்பது காலண்டர் படத்தைத்தான். கடைசி மாதம் போகிறவன் அதே ஆள் இல்லை. விலை அவனுக்கு உறைக்கிறது, மழை வருமா என்று மேகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவான், ரயில் ரத்தானால் அடுத்த ஸ்டேஷனுக்கு எந்த பஸ் என்று யாரையும் கேட்காமல் போவான். சொந்த ஊர் பாஷையில் திட்டத்தோன்றுகிற அளவுக்கு அந்த ஊரோடு பழக்கம் வந்துவிட்டிருக்கும். ஒரு வருஷம் கற்றதையெல்லாம் வைத்து ஓர் ஊரைப் பார்க்கிற கண் அப்போதுதான் திறந்திருக்கிறது. அந்தக் கண்ணோடு அறைக்குள் உட்கார் என்பதுதான் ஆழமா?

பார்க்க என்ன இருக்கிறது என்றா கேட்கிறீர்கள்? லண்டனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம், ஆக்ஸ்போர்ட். மெரினா கடற்கரையில் சிலையாக நிற்கிறாரே ஜி.யு. போப், 1886-ல் குறளையும் 1900-ல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர், அவர் 1908-ல் இறந்து அடக்கமானது அங்கே புனித செபல்கர் கல்லறைத் தோட்டத்தில். அங்கிருந்து பத்து நிமிஷ நடையில் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம், நுழைவுக் கட்டணம் கிடையாது. அதில்தான் பல வருஷம் திருமங்கையாழ்வார் நின்றுகொண்டிருந்தார். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சுந்தரப்பெருமாள்கோவில் சௌந்தரராஜப் பெருமாள் சந்நிதியைச் சேர்ந்த செப்புத் திருமேனி அது. 1957-ல் கோயிலிலேயே எடுத்த படம் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருக்கிறது. 1967-ல் ஏலத்தில் எடுத்ததாக அருங்காட்சியகம் சொன்னது. 2024-ல் பல்கலைக்கழகம் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. திருவல்லிக்கேணியைப் பாடிய ஆழ்வாரை, திருவல்லிக்கேணிக்கு இரண்டு ஸ்டாப் தள்ளி வளர்ந்த பிள்ளை கண்ணாடிக்கு அந்தப் பக்கத்தில் பார்த்திருந்தால் அவனுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று ஊகிக்க நான் தயாரில்லை. ஆனால் அது எந்தப் பாடத்திட்டத்திலும் இருக்காது என்பது நிச்சயம்.

அமெரிக்காவில் அர்பானா-ஷாம்பெய்னில் படிக்கிறவர்களில் நம்மவர் நிறைய. அங்கிருந்து சிகாகோவுக்கு ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். 1893 செப்டம்பர் 11 அன்று விவேகானந்தர் பேசிய கட்டடம்தான் இன்றைய சிகாகோ கலைக்கூடம். அந்தப் பயணத்துக்கு அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் இதே சென்னையில் வீடு வீடாகப் போய்க் காசு சேர்த்தார்கள். அதன் தொடர்ச்சியாகத்தான் 1897-ல் சென்னைக்கு ராமகிருஷ்ண மடம் வந்தது. அதே கலைக்கூடத்தில் நாகப்பட்டினத்துப் புத்தர் ஒருவர், சோழர் காலத்துக் கருங்கல், தியானத்தில் உட்கார்ந்திருக்கிறார். நியூயார்க்கில் படித்தால் இரண்டு மணி நேரத்தில் நியூ ஹேவன். 1687 முதல் 1692 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்து பணம் பண்ணிய எலிஹு யேல், 1718-ல் கொடுத்த துணிப்பொதிகளையும் புத்தகங்களையும் வைத்துத்தான் அந்தக் கல்லூரி அவர் பெயரைச் சூடிக்கொண்டது. ஜெர்மனியில் லைப்சிக்கில் இருந்தால் அரை மணி நேரத்தில் ஹாலே. தரங்கம்பாடியிலிருந்து சீகன்பால்கு காலத்துப் பாதிரிமார்கள் அனுப்பிய தமிழ் ஓலைச்சுவடிகள் அங்கே இருக்கின்றன.

இப்படிச் சொன்னால் மயிலாப்பூர் உடனே சமாதானமாகிவிடும். “அப்படின்னா பரவால்லை, நம்ம சமாசாரம் பார்க்கத்தானே போறான்” என்று அம்மா பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்வாள். அதனாலேயே இந்த வாதத்தை இதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. பயணத்துக்கு ஆழ்வாரும் புத்தரும் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. பிரைட்டனில் காற்று முகத்தில் அறைய உட்கார்ந்து வறுவல் தின்றுவிட்டு, கடற்பறவை ஒன்று அதில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு போனதற்குச் சிரித்துவிட்டு, ஒன்றும் கற்றுக்கொள்ளாமல் திரும்பினாலும் அந்தப் பயணம் சரிதான். எதற்கும் ஒரு லாபத்தைக் காட்டச் சொல்கிற பழக்கத்தில்தான் இந்தப் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பிலிருந்து வளர்ந்திருக்கிறார்கள். கடைசி வாரத்திலாவது அதிலிருந்து விடுமுறை வேண்டும்.

நம் கல்யாண மண்டபங்களில் காசி யாத்திரை என்று ஒரு சடங்கு நடக்கிறது. படிப்பை முடித்த பிரம்மசாரி குடையும் தடியும் விசிறியும் எடுத்துக்கொண்டு, புதுச் செருப்பு மாட்டிக்கொண்டு, காசிக்குப் போகிறேன் என்று கிளம்புவான். பத்தடி போவதற்குள் பெண்ணின் தகப்பனார் வழிமறித்து, என் பெண்ணைத் தருகிறேன், திரும்பி வா என்று கூப்பிடுவார். உடனே அவனும் திரும்பிவிடுவான். எல்லாரும் சிரிப்பார்கள், போட்டோ எடுப்பார்கள். படித்து முடித்தவன் ஊர் பார்க்கப் போவதுதான் இயல்பு என்பதை முன்னோர்கள் அறிந்திருந்தார்கள் என்றுதான் இதற்குப் பொருள் சொல்லத் தோன்றுகிறது. நாம் அதில் மறிக்கிற பாகத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம்.

சிக்கனத்துக்கும் பொறுப்புக்கும் காந்தியை இழுப்பது நம் வழக்கம். அவரையே கேட்போம். லண்டனில் சட்டம் படித்தபோது காலணாவையும் கணக்கு எழுதியவர் அவர். 1891 ஜூன் 10 அன்று பாரிஸ்டர் ஆனார், 11 அன்று உயர்நீதிமன்றத்தில் பதிவு செய்துகொண்டார், 12 அன்று கப்பலேறினார். பூங்கா பெஞ்ச் கைதட்டுகிற அட்டவணை. ஆனால் அதே மாணவர் அதற்கு முன்பு பாரிஸ் கண்காட்சிக்குப் போய் ஒரு வாரம் தங்கியவர். ஈஃபில் கோபுரத்தில் இரண்டு மூன்று முறை ஏறினார்; அவ்வளவு உயரத்தில் சாப்பிட்டோம் என்று சொல்லிக்கொள்வதற்காகவே ஏழு ஷில்லிங் கொடுத்து அங்கே மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டார். சத்திய சோதனையில் அவரே எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கோபுரம் கண்காட்சியின் விளையாட்டுச் சாமான், அதில் கலை ஒன்றும் இல்லை என்று பிற்பாடு தீர்ப்புச் சொன்னதும் அவர்தான். ஏறிப் பார்த்த பிறகு சொன்னார். நோத்ர தாம் தேவாலயமோ அவர் மனதில் வெகுகாலம் தங்கியது. ஏழு ஷில்லிங் வீண் என்று அவர் சொல்லலாம். போகாமல் இருந்திருக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

ஏ.கே. செட்டியாரைப் பற்றியும் ஒரு வரி சொல்லிவிட வேண்டும். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தவர். நியூயார்க்கில் படிப்பு முடிந்ததும் நேரே பெட்டியைக் கட்டி ஊர் வந்து சேரவில்லை. 1937 அக்டோபரில் டப்ளினுக்குக் கப்பலேறினார். காந்தியைப் பற்றிப் படம் எடுக்க வேண்டும் என்ற யோசனை அந்தக் கப்பலில்தான் உதித்தது. 1940-ல் அது படமாகச் சென்னையில் திரைக்கு வந்தது. எல்லாப் பிள்ளைகளும் செட்டியார் ஆகிவிட மாட்டார்கள். அவர்கள் ஆகவும் வேண்டாம். படிப்பு முடிந்த கையோடு நேரே வீடு என்பது காலங்காலமாக வந்த ஒழுங்கு என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்.

இவ்வளவு வாதத்துக்குப் பிறகும் பெற்றவர்களின் முகம் இளகாது என்று எனக்குத் தெரியும். காரணம், கடனும் வேலையும் முன்வாசலில் நிற்கிற காரணங்கள். உள்ளே வேறு ஒன்று இருக்கிறது. பிள்ளைக்கு அந்த ஊர் பிடித்துப்போய்விடுமோ என்ற பயம். வேலை அங்கேதான் கிடைக்க வேண்டும், பச்சை அட்டை வர வேண்டும், வீடு வாங்க வேண்டும், முப்பது வருஷம் அங்கேயே இருக்க வேண்டும். அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. அதற்காகத்தான் இவ்வளவும். ஆனால் அந்த மண்ணோடு ஒட்டிக்கொண்டுவிடக் கூடாது. ஆற்றங்கரையில் உட்கார்ந்தோம், அங்கே ஒரு கிழவரோடு பேசினோம், இந்த ஊர் நல்ல ஊர் என்று அவன் சொல்லிவிடக் கூடாது. சம்பளம் மட்டும் அங்கிருந்து வர வேண்டும்.

இந்த நிபந்தனையில் வாழ்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அலுவலகம், இந்தியக் கடை, கோயில், சனிக்கிழமை சாயங்காலம் அதே நாலு குடும்பத்தோடு சாப்பாடு. இருபது வருஷம் ஆன பிறகும் அடுத்த ஊரில் என்ன இருக்கிறது என்று தெரியாது. இங்கே வந்தால் தி. நகர் மாறிவிட்டது என்று குறைப்படுவார்கள். அங்கே போனால் அங்கேயும் ஒட்டவில்லை. முதல் வருஷத்துக் கடைசியில் நாலு சனிக்கிழமை வெளியே போயிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று சொல்ல வரவில்லை. வெளியே போகிற பழக்கம் என்றைக்காவது ஒரு நாள் தொடங்க வேண்டும். அதைத் தொடங்க அதைவிடத் தோதான நேரம் அவர்களுக்குப் பிறகு வரவே இல்லை.

ஆகவே அம்மா கேட்க வேண்டியதைக் கேட்கட்டும். சாப்பிட்டியா, கடைசி ரயில் எத்தனை மணிக்கு, போனில் சார்ஜ் இருக்கா, கூட யார் வரா? இத்தனைக்கும் அவனிடம் பதில் இருக்கும். “இதெல்லாம் இப்போ தேவையா?” என்பதற்குத்தான் இருக்காது. கல்யாணமான புதிதில் கொடைக்கானல் ஏரியில் படகு விட்ட அப்பாவிடம் அன்றைக்கு யாராவது அதைக் கேட்டிருந்தால் அவரிடமும் இருந்திருக்காது.